இடம்புரி விசிறி

அந்த எஞ்சினை நான் பழுதாக்கவில்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். கலியாணவீடோ செத்தவீடோ, எங்கள் குடும்பம் எங்கே கூடினாலும் யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுப்பார். கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கும் வயது போய்விட்டது. இனியும் சிரிக்கவிட ஏலாது.

அனலைதீவில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் இருந்தது. அதற்கு மேல் படிப்பதென்றால் கடல் கடந்து ஊர்காவற்றுறைக்குப் போக வேண்டும். பாய்வள்ளத்தை நம்பி ஒரு பெண்பிள்ளையை அனுப்பமாட்டார்கள். காற்று விழுந்துவிட்டால் பொழுதுபட்டும் கரை சேராது. என் தகப்பன், ஐயா, அந்த வருடம் ஒரு பழைய அலுமினிய வள்ளம் வாங்கினார். புகையிலைச் சிப்பமும் ஆட்களும் ஏற்றி இறக்குவது அவருடைய எண்ணம். எஞ்சின் பூட்டி இது ஓடத் தொடங்கினால் உனக்கு ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடம்தான் என்று என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து வள்ளம் ஓடுவதும் நான் படிப்பதும் எனக்கு ஒன்றாகிப் போனது.

எஞ்சின் கொண்டுவந்தவர் அம்மான், அம்மாவின் தமையன். சங்கு குளிப்பவர்களிடம் சங்கு வாங்கிப் பட்டணத்தில் விற்பவர். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. அதை அவரே பல தரம் சொல்லியிருக்கிறார். எஞ்சின்கள் இரண்டும் ஒரு சோடி. யாரோ வெள்ளைக்காரனின் உல்லாசப் படகில் ஓடிக் களைத்தவையாம். வள்ளத்தின் பின்தகடு அந்தப் பாரத்தைத் தாங்காது என்று ஐயா வேப்பம்பலகை அறுத்து, தார் பூசி, உள்ளும் புறமும் வைத்து ஆணி முறுக்கினார். அதற்குள் தகட்டு விளிம்பு அவருடைய வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது.

பூட்டுவதற்கு முன் எஞ்சின்களை முற்றத்தில் ஒரு மரக்கட்டையில் இறுக்கி, கீழ்ப்பாகத்தைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் விட்டு ஓட்டிப் பார்த்தோம். அந்தக் காலத்து எஞ்சினுக்குத் தலையில் ஒரு சில்லு இருக்கும். அதில் கயிற்றைச் சுற்றி இழுத்தால்தான் உயிர் வரும். நான் சுற்றுவேன், ஐயா இடக்கையால் இழுப்பார். முதல் எஞ்சின் மூன்றாம் இழுவையில் பிடித்தது. மற்றது பத்துத் தரம் இழுத்தும் அசையவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, கயிற்றை எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் கொடுத்தேன். ஒரே இழுவையில் அலறிக்கொண்டு எழும்பியது. கெட்டிக்காரி என்றார் ஐயா. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு முறைதான்.

விசிறிகள் இரண்டும் சாக்குக்குள் கிடந்தன. தண்ணீருக்குள் சுழன்று வள்ளத்தைத் தள்ளுகிற அந்தப் பித்தளை இதழ்களை நாங்கள் விசிறி என்போம். புளி போட்டு மினுக்கியவள் நான். தேய்க்கும்போதே கைக்குத் தெரிந்தது. ஒன்றின் இதழ் வலமாகத் திரும்பியிருந்தது, மற்றதன் இதழ் இடமாக. எஞ்சின்கள் எதிரெதிராகச் சுழல்கின்றன, அதற்குத் தக்கபடி விசிறிகளும் எதிரெதிராக இருக்கின்றன. இது விளங்கப் பெரிய படிப்பு வேண்டுமா?

அம்மான் வந்து இரண்டையும் தூக்கிப் பார்த்தார். சங்கு பார்க்கிற அதே பார்வை. சங்கில் வலம்புரி கிடைத்தவன் அதிர்ஷ்டக்காரன். இடம்புரி குவியல் குவியலாகக் கிடக்கும்.

"மச்சான், என்னைப் பேய்க்காட்டிப் போட்டாங்கள். இதிலை ஒண்டு இடம்புரி" என்றார் ஐயாவிடம்.

"அம்மான், அந்த இஞ்சின் மற்றப் பக்கமாத்தான் சுத்துது. அதுக்கு அதுதான் வேணும்" என்று நான் சொன்னேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "பெட்டை எத்தினை வலம்புரி வித்தவவாம்?" என்று ஐயாவைக் கேட்டார். ஐயா தன் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். குசினி வாசலில் நின்ற அக்கா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அடுத்த நாளே அம்மான் பட்டணம் போய், இடம்புரியைப் பழைய பித்தளையோடு போட்டுவிட்டு இன்னொரு வலம்புரி விசிறி வாங்கி வந்தார். இரண்டு வலம்புரி பூட்டிய வள்ளம் இந்தக் கடலில் வேறு இல்லை என்று துறை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

நல்லநாள் பார்த்து, தேங்காய் உடைத்து, வள்ளத்தை இறக்கினார்கள். ஊரில் பாதி துறையில் நின்றது. இடப்பக்கத்து எஞ்சின் உடனே பிடித்தது. வலப்பக்கத்து எஞ்சினுக்கு அம்மான் கயிறு சுற்ற, அது பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார். கடைசியில் ஐயாதான் என்னைக் கூப்பிட்டார். முழங்கால் தண்ணீரில் நின்று, எல்லாரும் பார்க்க, எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் கொடுத்தேன். பிடித்தது.

வள்ளம் கரையை விட்டு விலகியது. பிறகு வலப்பக்கம் திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது. ஒரு எஞ்சின் முன்னே தள்ள, மற்றது பின்னே இழுத்தது. அம்மான் சுக்கானை எந்தப் பக்கம் பிடித்தும் அது கேட்கவில்லை.

"பூட்டினது வலம்புரியெல்லோ, அதுதான் வலம் வருது" என்றார் ஒரு கிழவர்.

நவக்கிரகத்துக்கு ஒன்பது சுற்று, எண்ணிக்கொள்ளுங்கள் என்றார் இன்னொருவர். துறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று நான் செய்த பிழை அது ஒன்றுதான். அம்மான் அதைக் கண்டுவிட்டார்.

எஞ்சின்களை நிறுத்தித் தண்டு வலித்துக் கரைக்கு வந்தார். இடுப்பு வரை நனைந்திருந்தார். ஊரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இவள் கயிற்றை மாறிச் சுத்திச் சுத்தியே இஞ்சினைப் பழுதாக்கிப் போட்டாள். மாறிச் சுத்தினது இவள்தானே, மச்சான்?"

துறை ஐயாவைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

"ஓம்" என்றார் ஐயா. "இவள்தான்."

அதோடு என் படிப்பு முடிந்தது. நான் கால் வைத்தால் வள்ளத்துக்குத் தரித்திரம் என்று ஒரு பேச்சு எழும்பி, அது ஊர்ச்சட்டம் போல நின்றுவிட்டது. அந்த எஞ்சினைக் கழற்றிக் கொட்டிலில் எறிந்தார்கள். மற்ற எஞ்சினோடு வள்ளம் பதினொரு வருடம் ஊர்காவற்றுறைக்கு ஓடியது. புகையிலை போனது, ஆடு போனது, அம்மானின் கடைசி மகன் புத்தகக்கட்டோடு போனான். அவன் ஒரே வகுப்பில் இரண்டு வருடம் இருந்தான். நான் புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைத்தேன்.

வள்ளம் இறக்கிய அந்த வருடத்து ஆவணியில் அக்காவுக்கும் அம்மானின் மூத்த மகனுக்கும் கலியாணம் நடந்தது. எனக்கும் ஒரு பூப்போட்ட சட்டை தைத்தார்கள். அந்தக் கலியாணத்துக்கும் துறையில் ஐயா சொன்ன ஓமுக்கும் ஒரு முடிச்சு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்காதான், பேரப்பிள்ளைகளையும் கண்ட பிறகு, ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டு அதைச் சொன்னாள்.

"அண்டைக்கு ஐயா ஓம் எண்டு சொல்லாட்டி அம்மான் என்ரை கலியாணப் பேச்சை முறிச்சிருப்பார். அந்த விசிறி சரிவராதெண்டு ஐயாவுக்கு முதலே தெரியுமாம். அம்மாட்டைச் சொன்னவராம்."

ஒரு வெங்காயம் உரித்து முடிவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

துறையில் நின்ற அந்தப் பத்து வயதுப் பிள்ளையோ தானே ஒரு நியாயம் கண்டுபிடித்து வைத்திருந்தது. கடற்காற்றில் ஐயாவுக்குக் கேள்வி சரியாகக் கேட்கவில்லை, கயிறு சுற்றியது யார் என்று மட்டும்தான் கேட்டிருக்கும், அதற்குத்தான் ஓம் சொன்னார் என்று. அதனால் கோபம் முழுவதையும் அம்மானுக்கே வைத்தேன். அவர் வரும்போதெல்லாம் அவருடைய தேத்தண்ணியில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டேன், அதற்காக அடியும் வாங்கினேன். ஐயாவுக்கு மட்டும் சீனியைக் கூட்டிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். எந்தக் கோப்பையில் உப்பைப் போட வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.