நாலாம் நம்பர் பாத்திக்கு ஒரு பூசை

தரமணி ஆபீசுக்குத் திரும்பிய முதல் நாள். பக்கத்து சீட் நிவேதா, "போட்டோ காட்டு மச்சி!" என்று என் போனைப் பிடுங்கினாள். தள்ளிப் பார்த்தாள்... பீட்ரூட் இலை. மறுபடி தள்ளினாள்... ஸ்கேலோடு பீட்ரூட் இலை.

"சம்பளமில்லாத லீவு போட்டு, டென்மார்க் வரைக்கும் போய்... இதுவா எடுத்துக்கினு வந்த?"

இதுதான். கோடைக்காலம் முழுக்க ஓர் இயற்கை விவசாய ஆராய்ச்சியில் தன்னார்வலராக வேலை. நான்கு பாத்திகள். முதல் மூன்றுக்கும் மூன்று வகைக் கம்போஸ்ட். நான்காவதற்கு எதுவும் கிடையாது — மண், மழை, வெயில், அவ்வளவுதான். அதோடு ஒப்பிட்டால்தானே மற்றவற்றின் பலன் தெரியும்?

ஆராய்ச்சியை நடத்திய கிர்ஸ்டன் முதல் நாளே சொல்லிவிட்டார். நான்காம் பாத்தி இளைத்தால்தான் கம்போஸ்ட் வேலை செய்கிறது என்று காட்ட முடியும். காட்டினால்தான் அடுத்த வருடம் நிதி. இல்லையென்றால் அவர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பட்டியல் போட்டால்தான் எனக்குப் பொழுது விடியும். களை எடு. இலையை அள. நான்குக்கு எதையும் போடாதே. எளிய வேலைதான்... சாந்தோமில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ காலில் தோட்டத்தைக் காட்டும்வரை!

"ஏன்டி, அந்த ஓரத்துல இருக்கறது மட்டும் ஏன் சோகை புடிச்ச மாதிரி நிக்குது?"

"அதுக்கு எதுவும் போடக் கூடாதும்மா. ஒப்பிட்டுப் பாக்கணும்ல."

"பக்கத்துல மூணும் சாப்புடறத அது பாத்துக்கிட்டே நிக்கணுமா?"

"அம்மா, அது பீட்ரூட்."

"பீட்ரூட்னா பசிக்காதா?"

அம்மா பல வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். ரீட்டா டீச்சர் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மிட்டாய் இல்லையென்றால் யாருக்குமே கிடையாது. ஒன்றைக் கவனிக்காமல் விட்டால்தான் மற்றதைப் புரிந்துகொள்ள முடியும் என்கிறது அறிவியல். இப்படிப்பட்ட அம்மாக்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்களேன்!

அன்றிலிருந்து தினமும் போன். "சாப்பிட்டாச்சா?" என்பார். நான் "ஆச்சும்மா" என்பேன். "உன்னக் கேக்கல. நாலாம் நம்பரு?"

ஒரு கைப்பிடி எரு போடச் சொன்னார். முடியவே முடியாது என்றேன். அம்மா உடனே "சரி" என்று போனை வைத்துவிட்டார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டாமா?

அடுத்த ஞாயிறு எங்கள் பங்குக் கோயிலில், அதான் சர்ச்சில், யார் யாருக்காகப் பூசை என்று வழக்கம்போல வாசித்திருக்கிறார்கள். நடுவே — "டென்மார்க்கில் உணவின்றி வாடும் நாலாம் எண்ணின் நலனுக்காக... வேண்டுபவர் ரீட்டா டீச்சர்."

வாசலில் மெழுகுவத்தி விற்கும் மேரியக்கா பதறிவிட்டாராம்.

"இன்னா டீச்சர், நம்பர் சொல்லிப் படிக்கிறாங்கோ... ஜெயில்ல கீறாரா?"

"இல்ல மேரி. பீட்ரூட்டு."

மேரியக்கா கொஞ்சம் யோசித்தாராம். "அதுக்குக் கேக்க வாயில்ல, பாவம். நா ஒண்ணு ஏத்திடறேன். நீ காசு குடுக்காத."

இதையெல்லாம் அம்மாவே பெருமையாக போனில் சொன்னார். சிரித்துவிட்டு மறந்துபோனேன். ஆனால், நான்கு மெல்லத் தலைநிமிர ஆரம்பித்தது...

அறுவடை நாள். எடை போட்டோம். நான்கு, மற்ற மூன்றுக்கும் சமமாக நின்றது! கிர்ஸ்டன் தராசைத் தட்டிப் பார்த்தார். மறுபடி வைத்தார். அதே எடை. அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

தன்னார்வலர்கள் எல்லோரையும் கூப்பிட்டார். "நான்குக்கு வெளியிலிருந்து ஏதாவது கொடுத்தீர்களா?"

எரு இல்லை. உரம் இல்லை. ஆனால் பட்டியல் என்றால் முழுசாக இருக்க வேண்டாமா? "ஒரு பூசை... ஒரு மெழுகுவத்தி..." என்றேன்.

கிர்ஸ்டன் சிரிக்கவில்லை. "மற்ற மூன்றுக்கும்?"

"இல்லை."

தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவுக்கோ ஒரே கொண்டாட்டம் — கிர்ஸ்டனின் நிதி போகப்போகிறது என்று நான் சொல்லும்வரை.

"அப்ப... இது தேறினா அந்தப் பொண்ணு தேறாதா?"

"ஆமாம்மா."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாடி? ரெண்டுக்கும் சேத்து வேண்டியிருப்பேனே!"

அந்த வாரமே கிர்ஸ்டன் பெயரில் ஒரு பூசை.

ஊர் திரும்பிய பிறகு, போன வாரம் கிர்ஸ்டனிடமிருந்து மெயில். எருவே இல்லாமல் நான்கு எப்படித் தேறியது? அந்த மண்ணிலேயே பழைய வளம் மிச்சமிருந்ததா? கண்டுபிடிக்க இன்னொரு வருடத்துக்கு நிதி கிடைத்துவிட்டதாம்! கடைசி வரி: "இந்த முறை அம்மா எனக்காக மட்டும் வேண்டிக்கொள்ளட்டும். பாத்திகளை விட்டுவிடச் சொல்."

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அந்தப் பொண்ணுக்குத் தாராளமா வேண்டிக்கறேன். அதுக்காக நாலாம் நம்பர எப்படிடி அம்போன்னு வுடறது?"

ஆகவே, ஒன்று, இரண்டு, மூன்றாம் பாத்திகளுக்கு வேண்டிக்கொள்ள ஆட்கள் தேவை. எந்தச் சாமியானாலும் சரி... ஆராய்ச்சி நேர்மையாக நடக்க வேண்டும் அல்லவா?