வேற மருந்து குடிக்கிறீங்களா?

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் தோட்டத்துக்கு அடிப்பது. மல்லிகைக்கு அடிப்பது, கத்தரிக்கு அடிப்பது, மனசு விட்டுப்போனவர்கள் எடுத்துக் குடிப்பது. "மருந்தக் குடிச்சிட்டாளாம்" என்று காதில் விழுந்தால் உலையை இறக்கிவைத்துவிட்டு ஓடுவோம். திண்டுக்கல்லைச் சுற்றி எந்த ஊரிலும் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும் இது. மதுரை ஆஸ்பத்திரியில் ஏசி அறையில் உட்கார்ந்து அந்தக் கேள்வியை எழுதினவர்களுக்குத் தெரியவில்லை.

அக்காவுக்குத் தலையில் கட்டி. அறுத்து எடுத்த பிறகும் அருகம்புல் வேர் மாதிரி மிச்சம். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய்களில் ஒரு காவல் உண்டாம். புற்றுநோய் மருந்து நுழைய நுழைய வெளியே தள்ளுமாம். டாக்டர் எங்கள் பாஷையில் சொன்னார்: "கிணத்துல தண்ணி விட விட மோட்டார் வெளிய இறைச்சுக்கிட்டே இருந்தா எப்படிம்மா நெறையும்?"

"ஃபியூசப் புடுங்குங்க சார்" என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டார். அதைத்தான் சோதித்துப் பார்க்கிறார்களாம். மோட்டாரை நிறுத்த ஒரு மாத்திரை, கூடவே புற்றுநோய் மாத்திரை. இரண்டையும் எந்த அளவில் சேர்த்தால் மருந்து உள்ளே தங்கும் என்று. அந்தச் சோதனையில் அவளுக்கு ஓர் இடம் இருந்தது. அன்றைக்குத்தான் அவள் கேட்டு வாங்கி இட்லி தின்றாள்.

பெயர் பதிகிற பெண் காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டாள்: "வேற எதுவும் மருந்து குடிக்கிறீங்களா?"

"ஏன்த்தா, மருந்து குடிக்க எனக்கென்ன கேடு? புருசன் நல்லாத்தான வச்சிருக்கான்!"

வரிசையே சிரித்தது. நானும்தான். அந்தப் பெண் 'இல்லை' என்று குறித்துக்கொண்டாள்.

மாத்திரை தொடங்க வேண்டிய நாளில் அதே பெண் சும்மா பேச்சுக்கொடுத்தாள், "தெம்பா இருக்கீங்களே" என்று. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "சிறுமலை மிளகுத்தா. கை நெறைய அள்ளி இடிச்சு, சுண்டக் காச்சி, வெறும் வயித்துல தெனமும் குடிக்கிறேன்ல."

டாக்டரைக் கூப்பிட்டார்கள். அம்புட்டு மிளகு அதே மோட்டாரில் கை வைக்குமாம். எது மாத்திரையின் வேலை, எது மிளகின் வேலை என்று பிரிக்க முடியாது. மருந்து அளவு மீறி ஏறினால் ஆளுக்கே ஆபத்து. மிளகு உடம்பைவிட்டு இறங்கட்டும் என்றால் கட்டி காத்திருக்காது. சோதனையில் இடம் இல்லை.

"கேட்டப்பவே சொல்லிருக்கலாமேம்மா?"

"மருந்தயில்ல கேட்டீக! மிளகு கொழம்பு, வெஞ்சனத்துக்குப் போடுறதுல்ல?"

எனக்குள் பிடித்தது தீ. டாக்டர் சொன்ன காரணம் சரிதான், அதனால் இன்னும் எரிந்தது. அடிக்க ஓர் ஆள்கூட இல்லாத கோபம் எவ்வளவு கேவலமானது! காலையில எந்திரிச்சு என்ன குடிப்பீக என்று கேட்டிருந்தால் போதாதா? அந்தப் பெண்ணிடம் கத்தினேன். கேள்வியில் ஒரு வார்த்தையை மாற்றவும் தனக்கு அனுமதி இல்லை என்று அவள் அழுதாள். யாருடைய வாயில் யாருடைய வார்த்தை!

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடுடா. பொம்பளப் பிள்ளையப் போட்டு வையுற?"

சோதனைக்கு வெளியே, எல்லோருக்கும் கொடுக்கிற மாத்திரையை மட்டும் எழுதிக்கொடுத்தார் டாக்டர்.

"இது உள்ள போகுமா சார்?" என்றேன்.

"கொஞ்சம் போகும்."

பஸ் ஸ்டாண்டில் அக்கா முந்திக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் இடம்பிடித்து உட்கார்ந்ததும் கேட்டாள்:

"கொஞ்சம்னா எம்புட்டுடா?"