ஸ்டாண்ட் மட்டும் போனது

பெங்களூரில் சித்திரை மாதத்து விடிகாலையிலும் சிலர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் பால் வாங்க நிற்கிறார்கள். வாணியம்பாடியில் அந்த மாதம் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் படுப்போம். வந்து இத்தனை வருடமாகியும் பால் வரிசையில் எனக்கு வாய் திறக்காது. ஐந்தாவதோடு நின்றவள். கன்னடம் புரியும், பேசக் கூச்சம்.

பக்கத்து வீட்டு சாரதம்மா அன்று விடவில்லை. "மகளு ஏன் டல்லா இருக்கா?"

"போற வண்டியில எடமில்லையாம்."

"அஷ்டேனா, அவ்வளவுதானா! என் தம்பி ட்ராவல்ஸ்ல இருக்கான். ஜன்னல் சீட்டே கொடுப்பான்."

ராக்கெட் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

என் மகள் வசந்தி, ஆளில்லாமல் விண்வெளிக்குப் போகும் கலம் ஒன்றுக்குக் கேமரா செய்தவள். கல்யாணப் பேச்சைக்கூடத் தள்ளிவைத்துச் செய்தாள். முதலில் பேசிவைத்த ராக்கெட் கிடைக்கவில்லை. வாடகைக்கு ராக்கெட் விடும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஒப்புக்கொண்டது.

"அதுல அவங்க பெரிய சாட்டிலைட் போகுதும்மா. மிச்ச எடத்துல நாங்க தொத்திக்கணும். எடை ஜாஸ்தி. என் கேமராவ எறக்கிட்டாங்க" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

அவள் அப்பா இறந்தபின் நாங்கள் இங்கே வந்ததும் அப்படித்தான், தோல் ஏற்றிய லாரியில். "வண்டி லோடுக்குத்தான்க்கா. உங்களுக்கு ஒரு மூலைதான்" என்றார் டிரைவர். தையல் மெஷினின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். காலால் மிதிக்கும் இரும்பு ஸ்டாண்டை அங்கேயே பக்கத்து வீட்டு பாத்திமாவிடம் விட்டுவந்தேன். இங்கே சிவாஜிநகரில் வாங்கிய பழைய ஸ்டாண்டில் இந்தத் தலை உட்காரவே இல்லை, அது வேறு கம்பெனி. டிரங்குப் பெட்டி மேல் வைத்து, கைப்பிடி மாட்டிச் சுற்றித் தைத்துத்தான் வசந்தியைப் படிக்கவைத்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் பாத்திமா சொல்வாள்: "உன் ஸ்டாண்ட் மேலதான்டி குடம் வச்சிருக்கேன். கேட்டா எறக்கிடறேன்."

ராக்கெட் போன அன்று வசந்தி சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். கேமரா ஆபீஸ் அலமாரியில் இருக்கிறதாம்.

"அது உக்கார்ற ஸ்டாண்ட் மட்டும் போயிருக்கும்மா. கழட்டினா எல்லா டெஸ்டும் மறுபடி பண்ணணும்னு விட்டுட்டாங்க."

மெஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, "இப்பதான் கார் இருக்கே. ஞாயித்துக்கிழமை போய் உன் ஸ்டாண்ட எடுத்துட்டு வந்துடலாமா?" என்றாள்.

"வேணாம். பாத்திமா குடத்தை எங்க வைப்பா?" என்றேன்.

குடம் ஒரு சாக்குத்தான். மேலே அவள் கேமராவுக்கு ஓர் இடம் காலியாகச் சுற்றுகிறது. வாணியம்பாடியில் எனக்கும் ஓர் இடம் இருந்துவிட்டுப் போகட்டும்.