தண்ணி வருதா எண்டு கேக்காத காலை

என்ட தங்கச்சிட மாப்பிள்ளைக்கு ஃபோன்ல சண்டை விமானம் ஓட்டுறவங்கட வீடியோ பாக்குறதெண்டா சரியான விசர். "மச்சான், இங்க பாருங்களேன், ஏற முந்தி ஒவ்வொரு மீட்டரா தொட்டுச் சொல்றானுகள். ஒருத்தன் எண்ணெய் மீட்டர ரெண்டு தரம் தட்டாம கிளம்பவே மாட்டானாம்" எண்டு பள்ளிவாசல்துறைக் கரையில என்ட உயிர வாங்குவான். எனக்குச் சிரிப்பு. பதினெட்டடி ஃபைபர் போட்டுக்கு இவ்வளவு எடுப்பா?

ஆனா அந்தப் பழக்கம் எங்கட போட்டுலயும் ஏறிட்டு. நான் முன்னால அணியத்துல நிண்டு கேப்பன், அவன் பின்னால இஞ்சினுக்குப் பக்கத்துல இருந்து தொட்டுப் பாத்துச் சொல்லுவான். "எண்ணெய்?" "ஓம்." "ஜிபிஎஸ்?" "ஓம்." கடைசியா, "தண்ணி வருதா?" இஞ்சினச் சூடாகாம வெச்சிருக்குற கடல் தண்ணி, பின்னால சின்ன ஓட்டையால பீச்சும். அது நிண்டா கொஞ்ச நேரத்துல இஞ்சின் இறுகிடும். அவன் உள்ளங்கையில அந்தத் தண்ணியப் பிடிச்சு மூஞ்சில தேச்சுட்டுத்தான் "ஓம்" எண்டுவான். உப்புத் தண்ணி, சூடு வேற. கிறுக்கன்.

போன கச்சான் காத்துக் காலத்துல ஒரு நாள், வலைய ஒழுங்கா மடிக்கல்ல எண்டு கரையில நாலு பேருக்கு முன்னால அவன ஏசிட்டன். கூடத்தான் ஏசினன். பிள்ளைக்குத் தகப்பனான மனுசன நான் அப்பிடி ஏசியிருக்கக் கூடாது. அவன் வலைய அப்பிடியே போட்டுட்டுப் போயிட்டான்.

அடுத்த நாள் சுபஹு தொழுதுட்டு வந்து போட்டத் தள்ளினம். ரெண்டு பேரும் மூஞ்சிய உம்மெண்டு வெச்சிருந்தம். நான் அணியத்துல நிண்டன். கேக்கல்ல. கேட்டா நான் முதல்ல கதைச்ச மாதிரி ஆகிடுமே! அவன் இஞ்சின இழுத்தான். கையப் பின்னால கொண்டு போகல்ல. அவன்ட மூஞ்சி காஞ்சு கிடந்தத நான் என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டன். கண்டும் வாய மூடிக்கொண்டு முன்னால திரும்பிட்டன்.

கடலுக்குள்ள கிடக்குற கல்லுப் பாருக்கு வெளியால போனதும் இஞ்சின் முக்கிச்சு, புகைஞ்சுது, நிண்டுட்டு. காத்து எங்களத் திரும்பவும் அந்தக் கல்லுப் பக்கம் தள்ளிச்சு. நங்கூரம் போட்டம், பிடிக்கல்ல. ஒரு அலையில போட்டு கவிண்டுது. நான் போட்டப் பிடிச்சுக்கொண்டன். அவன்ட தலை கல்லுல அடிபட்டுட்டு. மத்த போட்டுக்காரர் வந்து தூக்கேக்க மூச்சு இல்ல. பிறகு இஞ்சினக் கழட்டிப் பாத்தா, தண்ணி இழுக்குற வாயில ஒரு சொப்பிங் பேக் சுத்திக் கிடந்துது. கரையிலயே சிக்கினதுதான், ஆழக் கடலுல அது எங்கால வரும்?

மையத்து அடக்கி மூணாம் நாள் தங்கச்சி என்னக் கூப்பிட்டாள். புருசனுக்காக இத்தாவுல வெள்ளைப் புடவையோட இருந்தாள். அழுது அழுது குரலே இல்ல.

"காக்கா, நீங்க ரெண்டு பேரும் எல்லாம் பாத்துத்தானே போறது. அண்டைக்குத் தண்ணி பாக்கல்லயா?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்துலயே சொல்லியிருக்கலாம், அல்லாவே. என்ட வாய் வேற ஒண்டச் சொல்லிச்சு. "நான் கேட்டன். ஓம் எண்டுதான் சொன்னான். பாக்காமச் சொல்லியிருக்கான் போல."

அவள் என்ட கை ரெண்டையும் பிடிச்சாள்.

"அப்ப உங்கட உயிரும் போகப் பாத்தது அவராலதானே காக்கா. அந்தப் பாரத்தோட அவர் கபுறுல கிடக்கக் கூடாது. அவருக்கு மாப்பு குடுத்துட்டன் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்க."

கதவடியில அவன்ட உம்மாவும் நிண்டு என்ட வாயையே பாத்துக்கொண்டிருந்தா.

"குடுத்துட்டன்" எண்டன்.

ரெண்டு பேரும் எனக்கு துஆ செஞ்சாங்க.