டெலிபோன் ஆபீஸில் நான் வாத்தியாரான கதை

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். மெட்ராசில் வகுப்பில் உட்கார்ந்து பயிற்சி எடுத்தவள் என்ற கர்வம் எனக்கு நிறைய. பக்கத்து நாற்காலி அக்காவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வேலையில் சேர்ந்த அன்றே அவர் தலையில் ஹெட்செட்டை மாட்டிவிட்டார்களாம்.

ஒரு சமயம் புதிதாக இரண்டு பெண்கள் வந்தார்கள். ஆளுக்கு ஒருத்தியைப் பழக்கிவிடும்படி சூப்பர்வைசர் சொன்னார். எந்தப் பயிற்சி உசத்தி என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? என் மாணவியை, கால்களை இணைத்துக் கொடுக்கும் போர்டு பக்கமே விடவில்லை. வணக்கம் சொல்வது எப்படி, குரலை எங்கே தாழ்த்துவது என்றெல்லாம் ஒரு வாரம் பாடம் நடத்தினேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்க்கவும் சொன்னேன். அக்கா தன் பெண்ணிடம் சொன்னது இவ்வளவுதான்: "குந்து. லைட்டு எரிஞ்சா பேசு. தப்பாப் பூட்டா நான் கீறேன்."

அடுத்த வாரம் என் மாணவி போர்டில் உட்கார்ந்தாள். கோவளத்திலிருந்து மீன் வியாபாரி பாய் ஒருவர் ஐஸ் ஃபாக்டரியைக் கேட்டார். இவள் வணக்கம் சொல்லி, தாமதத்துக்கு வருந்தி, காத்திருந்ததற்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் போர்டு முழுக்க விளக்குகள் எரிய ஆரம்பித்தன.

"யம்மா, மீனு நாறிகினு கீது! ஐஸ்காரனைக் குடும்மா!" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது.

"மன்னிக்கவும்" என்று அவள் மறுபடி வணக்கத்திலிருந்து தொடங்கினாள். நான் சொல்லிக்கொடுத்ததில் ஓர் எழுத்து பிசகவில்லை.

அக்காவின் மாணவி மின்னல் வேகம். ஆனால் ஊரின் பெரிய வக்கீலிடம், "இன்னா வோணும், சட்டுனு சொல்லு" என்றுவிட்டாள்.

இரண்டு புகாரும் ஒரே நாளில் வந்தன. சூப்பர்வைசர் கோபப்படவில்லை, மாணவிகளை மாற்றிவிட்டார். என்னிடம் வந்தவள் பாடத்தைப் பாதி கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க போர்டுல பேசும்போது இதெல்லாம் சொல்றதே இல்லியே?" என்றாள். எனக்கு அவசரமாகத் தண்ணீர் தாகம் எடுத்தது.

சில நாட்களில் இருவருமே தேறிவிட்டார்கள். எல்லாம் என் பாடத்தின் பலன் என்றேன் நான். "நம்ம கை பட்டப்புறந்தான் அதுங்களுக்கு வாயே வந்துது" என்றார் அக்கா. சூப்பர்வைசர் பெண்களையே கேட்டார். சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒருத்தி பாயாகவும் இன்னொருத்தி ஆபரேட்டராகவும் பேசிப் பழகினார்களாம்.

"நடுவுல இவங்க மாதிரியும் பேசிப் பாத்தோம் சார்" என்று என்னைக் காட்டினாள் ஒருத்தி. அதற்குத்தான் சிரிப்பு தாங்கவில்லையாம்.

அடுத்து வந்தவர்களைப் பழக்கும் வேலை அந்த இருவருக்கே போயிற்று.