கனம் பார்த்து வாங்கிய பவர் சப்ளை

பெரியப்பா மகனைக் கட்டிக்கொண்டு மல்லசமுத்திரம் பக்கம் பெரியப்பா தோட்டத்துக்கு வந்தபோது அண்ணியின் கையில் ஒரு தொழில் இருந்தது. எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம். சேலையின் முந்தானைக்கும் கரைக்கும் நங்கை கம்ப்யூட்டரில் டிசைன் போடுவார். ஒவ்வோர் இழையும் ஒரு கட்டம். அன்னத்தின் கழுத்து வளைய வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான கட்டங்களை நிரப்பி, அழித்து, மறுபடி நிரப்ப வேண்டும். இளம்பிள்ளையில் சேலை உற்பத்தி செய்கிற ஒருவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நங்கையிடம்தான் டிசைன் வாங்கிக்கொண்டிருந்தார். கல்யாணமான பிறகு இரண்டு வருடம் அண்ணன் அதை நிறுத்தி வைத்திருந்தார். "தோட்டத்துல இல்லாத சோலியா?" என்பார். என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தாரோ நங்கை, கடைசியில் அண்ணன் ஒரு கெடு வைத்து விட்டுக்கொடுத்தார். ஒரு வருடம் பார்ப்பாராம். வீட்டுக்குத் தொந்தரவென்று தோன்றினால் மூட்டை கட்டிவிட வேண்டுமாம்.

நான் அப்போது திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். காத்திருக்கிற வித்தை எனக்கு வராது. "கம்ப்யூட்டரக் கடைல கட்டுனதா வாங்காதீங்க, பார்ட்ஸ் பாத்து வாங்கி நானே அசெம்பிள் பண்ணித் தாரேன்" என்று குதித்தேன். மூன்று வாரம் சோறு தண்ணி மறந்து படித்தேன். அதிகம் படித்தது, லைன் கரண்டை வாங்கிக் கம்ப்யூட்டருக்குள் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளையைப் பற்றி. கடைக்காரர்கள் எஸ்எம்பிஎஸ் என்பார்கள். வீட்டில் சோறாக்குகிற பொம்பளை மாதிரி அது. படுத்தால்தான் ஞாபகத்துக்கு வரும். அதுவும் எங்கள் ஊர்க் கரண்டு லைனில்! கிணற்று மோட்டார் போட்டால் டியூப்லைட் கண்ணை மூடும். பக்கத்துத் தறி செட் நின்றால் ஃபேன் பறக்கும். அப்படிப்பட்ட இடத்தில் மட்டமான சப்ளையை மாட்டினால், அது சாகும்போது போர்டையும் டிஸ்க்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும்.

அண்ணனும் நானும் சேலத்துக் கடைக்குப் போனோம். மற்ற எல்லாம் நான் சொன்னபடியே எடுத்தோம். சப்ளையில்தான் முட்டியது. நான் காட்டியது ஐந்நூற்றைம்பது வாட். கடைக்காரர் பக்கத்தில் ஒன்றை வைத்தார். எழுநூற்றைம்பது என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. விலை பாதி.

"ஸ்டிக்கரப் பாருங்ணா" என்றேன். "பன்னெண்டு வோல்ட்டுக்கு இருபத்திரண்டு ஆம்பியர்தான் போட்டிருக்குது. பெருக்குனா எரநூத்தி அறுபத்திநாலு வாட்டு. மீதியெல்லாம் அட்டைல அச்சடிச்சதுங்ணா."

"பாப்பா வீடியோ நெறையாப் பாக்கும்போல" என்றார் கடைக்காரர்.

அண்ணன் கைக்கொன்றாக இரண்டையும் தூக்கினார். கோழி வாங்குகிறவர் மாதிரி ஏற்றி இறக்கினார். "பதினஞ்சு வருசமா போர்வெல்லுக்கு மோட்டார் எறக்கறேன் அம்மிணி. கனம் இருந்தா உள்ள செம்பு இருக்குது. நீயே தூக்கிப் பாரு."

தூக்கினேன். மட்டமானதுதான் கனமாக இருந்தது. கனம் காட்டுவதற்காகவே உள்ளே இரும்புத் துண்டைத் திருகாணி போட்டு முடுக்கி விற்கிறார்கள் என்று படித்திருந்தேன். வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் அண்ணன் கடைக்காரரிடம் திரும்பினார்.

"நாலு வருசம் படிச்சுதுங்க. இன்னும் ஒரு வேலைக்கு வக்கில்ல. எனக்குக் கரண்டு சொல்லித்தருது."

கடைக்காரர் சிரித்தார். கவுண்டரில் நின்ற இரண்டு பேரும், எங்களை யாரென்றே தெரியாதவர்கள், சிரித்தார்கள். நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கிவிட்டேன்.

"ஆமாங்ணா, இதுதான் கனம். இதையே எடுத்துக்கலாம்."

அது எரியும் நாளில் அண்ணனின் முகம் எப்படி இருக்கும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துப் பார்த்தேன். இனிப்பாக இருந்தது. நங்கையின் டிசைன்கள் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தன. ஒதுக்கி வைத்தேன்.

மறுநாள் நானே உட்கார்ந்து மாட்டினேன். நங்கை பக்கத்தில் குந்தி, நான் திருகாணி கேட்கும்போதெல்லாம் எடுத்து எடுத்துக் கொடுத்தார். சப்ளையை முடுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"ஏன் அம்மிணி, இது தாங்குமா? இங்க லைன் இந்த ஆட்டம் ஆடுது. தீபாவளி யாவாரத்துக்கு ஆறு டிசைன் கேட்டிருக்கறாங்க. அதக் குடுத்துட்டன்னா அப்பறம் உங்கண்ணன் வாயத் தொறக்கமாட்டாரு."

நான் நிமிரவில்லை. "உங்கூட்டுக்காரரே தூக்கிப் பாத்து வாங்குனதுங்க நங்கை. தாங்காம எங்க போகுது?"

நங்கை சிரித்தார். நிம்மதியான சிரிப்பு. எல்லாவற்றையும் பென்டிரைவில் ஒரு நகல் போட்டு வையுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். அதனால் அதையும் சொல்லவில்லை.

நான்கு மாதம் ஓடியது. பெரியப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பெட்டியோரம் காதை வைத்துக் கேட்பேன். "எங்களைவிட அம்மிணிக்குத்தான் அது மேல பாசம்" என்பார் நங்கை. ஐந்து டிசைன் முடிந்து ஆறாவது பாதியில் நின்றது. ஆறும் ஒரே வரிசைச் சேலைகள் என்பதால் சேர்த்துக் கொடுப்பதாகப் பேச்சு.

புரட்டாசியில் ஒரு காலை கரண்டு போய்த் திரும்பி வந்தது. வந்தது வோல்ட்டேஜ் ஏறி வந்தது. பெட்டிக்குள் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், பிறகு கருகல் நாற்றம். நங்கை போன் செய்தார். ஸ்கூட்டியில் பறந்தேன். போர்டு போயிருந்தது. டிஸ்க்கைக் கழற்றி வந்து என் கம்ப்யூட்டரில் மாட்டினேன், அசையவில்லை. சேலத்தில் கொடுத்துப் பார்த்தோம், அவர்களும் கையை விரித்தார்கள்.

"ஒண்ணுகூடவா வராது?" என்று நங்கை கேட்டுக்கொண்டே இருந்தார்.

அண்ணன் என் மேல் பாய்ந்தார். "நீதான மாட்டுன? ஒயர மாத்திக் குத்தி வெச்சிருப்ப. ஏட்டுச் சொரக்கா!"

இந்த வார்த்தைக்காகத்தானே நான்கு மாதம் காத்திருந்தேன். உள்ளே தேங்கிய கரண்டு வடியட்டும் என்று சப்ளையை இரண்டு நாள் தனியே போட்டுவைத்தேன். மூன்றாம் நாள் வாசலில் பெரியப்பா, பெரியம்மா, அண்ணன் மூவரும் இருக்கும்போது நடுவில் உட்கார்ந்து அதன் மூடியைக் கழற்றினேன். சுண்டுவிரல் மாதிரி கெப்பாசிட்டர்கள் வீங்கி வெடித்திருந்தன. பக்கச் சுவரில், ஒரு ஒயரும் தொடாமல், பட்டையான ஓர் இரும்புத் துண்டு முடுக்கியிருந்தது. கழற்றி அண்ணனின் உள்ளங்கையில் வைத்தேன்.

"இந்தாங்ணா, உங்க செம்பு."

பெரியப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏன்டா, பழைய இரும்பு யாவாரத்துல எறங்கிட்டயா?"

அண்ணனின் காதுமடல்கூடச் சிவந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். போதவில்லை எனக்கு.

"இப்படித்தான் இரும்ப வெச்சு ஏமாத்துவாங்கன்னு கடைக்குப் போறதுக்கு முன்னாடியே நான் படிச்சிருக்கறேன்" என்றேன்.

வாசற்படியில் நின்றிருந்த நங்கை என்னைப் பார்த்தார்.

"அப்ப உனக்குத் தெரியும்."

படியிறங்கி என் பக்கம் வந்தார்.

"கேட்டனே அம்மிணி. நீ திருகாணி முடுக்கீட்டு இருந்த. நான் பக்கத்துல உக்காந்து கேட்டனே."

"எம்பேச்ச யாருங்க கேட்டாங்க? அண்ணன் கேட்டாரா?" என்றேன். அண்ணன் கேட்கவில்லை, உண்மைதான். நங்கை கேட்டிருந்தார்.

அண்ணனுக்கு அந்த அவமானத்தை யார் தலையிலாவது இறக்கியாக வேண்டும். என்னை ஒன்றும் செய்ய முடியாது. இரும்புத் துண்டை வேலிப்பக்கம் விட்டெறிந்துவிட்டு நங்கையைப் பார்த்துக் கத்தினார். "இந்த ஊட்டுல இனிமே கம்ப்யூட்டரும் வேண்டாம், ஒரு மயிரும் வேண்டாம். ஒரு வருசம்னு சொன்னன், முடிஞ்சுது."

"இன்னும் வருசம் ஆகலீங்களே" என்றார் நங்கை.

"ஆச்சுன்னா ஆச்சு. கம்முனு உள்ள போ."

பத்து நாள் கழித்துப் போனேன். களத்தில் நங்கை கடலைக்கொடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நல்ல சப்ளையாகப் போட்டு இன்னொன்று கட்டித் தருகிறேன், அண்ணனிடம் நானே பேசுகிறேன் என்று கடகடவென்று சொன்னேன். அவர் ஆய்வதை நிறுத்தவில்லை. போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இளம்பிள்ளைக்காரரு. நீயே சொல்லிரு. உனக்குத்தான் நல்லாப் பேச வருமே."

வாங்கி, கம்ப்யூட்டர் எரிந்த கதையைச் சொன்னேன்.

"அதுக்கென்னங்க, வேற வாங்கிக்கலாம்" என்றார் அவர். "அந்தப் புள்ள கை சும்மா இருக்கக் கூடாதுங்க. தீபாவளி போனாப் போகுது, பொங்கலுக்குப் பாத்துக்கலாம். எப்ப ஆரம்பிப்பாங்க?"

நங்கையைப் பார்த்தேன். அடுத்த கொடியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"இனிமே போடறதில்லீங்களாம்" என்றேன்.

மறுமுனையில் அவர் குரல் இறங்கியது. "அவங்களே சொன்னாங்களா?"

"ஆமாங்க" என்றேன்.