ஒயர் அக்கா எடுக்க மறுத்த பகுதி

ஆபீசில் எல்லோரும் அவளை ஒயர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வயதில் ஏணி ஏறி, கூரைப் பலகைகளுக்கு மேலே நெட்வொர்க் கேபிள் இழுக்கும் வேலையில் சேர்ந்தவள். பட்டம் கிடையாது, டிப்ளமோ மட்டும். முப்பது தாண்டிய பிறகு தானாகவே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு, புரோகிராமர்கள் உட்காரும் மாடிக்கு வந்தாள். அங்கிருந்த பட்டதாரிகள் கேலியாகத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். அவள் அதையே ஒரு அட்டையில் பெரிதாக எழுதித் தன் மேஜைமேல் நிறுத்திவிட்டாள். அதன் பிறகு கேலி செய்ய என்ன இருக்கிறது?

கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்தது. கட்டில் பக்கத்துக் கருவிகள் நாடித்துடிப்பை நொடிக்கொரு தடவை சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதையும் ஸ்கேன் படங்களையும் டாக்டர்களின் திரைக்கு அனுப்பிவைக்கும். ஆஸ்பத்திரிகள் கூடக் கூட சர்வர் திணற ஆரம்பித்தது. இன்னும் நாலு மெஷின் போடலாம் என்றார் மேனேஜர். ஒயர் அக்கா உட்கார்ந்து அளந்து பார்த்தாள். ப்ராசஸரின் நேரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு, துண்டுதுண்டாக வருகிற தகவல் பாக்கெட்டுகளை ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உட்கருவான கெர்னல் வாங்கி, பிரதியெடுத்து, கைமாற்றிக் கொடுப்பதிலேயே போய்க்கொண்டிருந்தது. உருப்படியான வேலைக்கு மிச்சம் இருபதுதான்.

கெர்னலைத் தொடாமல், நெட்வொர்க் கார்டிலிருந்து பாக்கெட்டை நம் புரோகிராமே நேராக எடுத்துக்கொள்ளலாம் என்றாள். அப்படிச் செய்தால் இணைப்பு போடுவது, தொலைந்ததைத் திரும்ப அனுப்புவது, ஒழுங்காக முடித்துவைப்பது என்று கெர்னல் பார்த்துவந்த, டிசிபி என்கிற போக்குவரத்து வேலை முழுவதும் அவள் தலையில் விழும்.

"உலகமே பல வருஷமா செதுக்கினதும்மா. அத நீங்க தனியா எழுதப் போறீங்களா?" என்றார் மேனேஜர்.

"உலகத்துக்கு எழுதல சார். நமக்கு வேண்டியத மட்டும் எழுதறேன்."

ஏழு மாதம் எழுதினாள். முதல் சோதனையிலேயே மானம் போனது. பாதியில் அறுந்துபோன இணைப்புகளை அவள் புரோகிராம் மூடவே இல்லை. அரை மணி நேரத்தில் மெமரி நிரம்பி சர்வர் படுத்துவிட்டது. மீட்டிங்கில் ஒருவர், பழைய ஏணி பத்திரமா இருக்கா என்று விசாரித்தார். இருக்கு, உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கங்க என்று சொல்லிவிட்டு, அங்கேயே லேப்டாப்பைத் திறந்து பிழையைத் தேட ஆரம்பித்தாள். இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. அதன்பின் ஒரே மெஷின் ஐந்து மெஷின் வேலையைச் செய்தது.

பிறகுதான் உண்மையான சண்டை வந்தது. பதினோரு ஆஸ்பத்திரிகள் வைத்திருந்த ஒரு குழுமம் இரண்டு கம்பெனிகளை டெமோவுக்கு அழைத்திருந்தது. மற்ற கம்பெனி ஸ்கேன் படத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் அனுப்புகிறதாம். லைனில் நெரிசல் வந்தால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் பகுதி ஒன்று அவள் எழுதியதில் இருந்தது. அதை டெமோவுக்கு மட்டும் எடுத்துவிடச் சொன்னார் மேனேஜர். முன்பு கெர்னல் நம்மைக் கேட்காமலே வேகத்தைக் குறைத்தது, இப்போது எல்லாம் நம் கையில்தானே என்பது அவர் வாதம்.

வீட்டில் துணி மடித்துக்கொண்டே கணவரிடம் சொன்னாள். அவர் பஸ் டிரைவர்.

"தனி ரோடு போட்டுட்டா பிரேக்க கழட்டிடலாமாம்."

"அந்த பஸ்ல உங்க மேனேஜர மட்டும் ஏத்திவிடு" என்றார் அவர்.

மறுநாள் காலை மேனேஜருக்கும் டீமுக்கும் மெயில் போட்டாள். அதே லைனில் ஆஸ்பத்திரியின் போன்களும் ஓடுகின்றன. நாம் விட்டுக்கொடுக்காமல் தள்ளினால் அவை தடுமாறும். நான் எடுக்க மாட்டேன். எடுக்கிறவர் தன் பெயரைப் போட்டு எடுக்கட்டும். மெயில் அவ்வளவுதான். மேனேஜர் ஒவ்வொரு மேஜையாகப் போனார். ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்கு லீவு, ஒருவருக்கு அந்தப் பகுதியே புரியவில்லை. பெயர் போட ஆள் கிடைக்கவில்லை.

டெமோ அன்று, குழுமத்தின் ஒரு ஆஸ்பத்திரியில், மற்ற கம்பெனிதான் வேகமாக ஓடியது. பார்த்தாலே தெரிகிற வித்தியாசம். மேனேஜர் முகம் சுண்டிப்போய், அவளைப் பார்க்காமல் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒயர் அக்கா எழுந்து, ஓரத்தில் நின்றிருந்த தலைமை நர்ஸிடம் போனாள்.

"சிஸ்டர், படம் போய்ட்டிருக்கும்போதே நாலாவது மாடிக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்க. ரெண்டு கம்பெனிக்கும் போடுங்க."

அதெல்லாம் நிகழ்ச்சியில் இல்லை என்று மேனேஜர் இழுத்தார். நர்ஸ் அதற்குள் எண்ணை அழுத்திவிட்டார். ஒயர் அக்காவின் சர்வர் படம் அனுப்பியபோது குரல் சுத்தமாகக் கேட்டது. மற்றது ஓடியபோது சொல் சொல்லாகத் துண்டாகி, கடைசியில் கரகரப்பு மட்டும் வந்தது. நர்ஸ் ரிசீவரை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நீட்டிப் பிடித்தார்.

"இந்த போன்லதான் நாங்க அவசரத்துக்கு டாக்டரக் கூப்பிடறோம்" என்றார்.

பதினொன்றில் ஏழு ஆஸ்பத்திரிகள் ஒயர் அக்காவின் கம்பெனிக்கு வந்தன. படம் வேகமாக வந்தால் போதும் என்று மிச்ச நாலு அந்தப் பக்கம் போய்விட்டன. பாராட்டுக் கூட்டத்தில், நெரிசலில் வேகம் குறைக்கும் பகுதியை விட்டுவைத்தது தன் முடிவு என்று மேனேஜர் பேசினார். பின்வரிசையிலிருந்து ஒயர் அக்கா எழுந்து, அந்த மெயிலைத் தேதியோடு வாசித்தாள். யாரும் கை தட்டவில்லை. அந்த வருஷம் அவளுக்குப் பதவி உயர்வும் வரவில்லை.

போன மாதம் இன்னொரு டெமோவுக்கு அதே பகுதியை எடுக்கச் சொல்லி மேனேஜரிடமிருந்து மெயில் வந்தது. "முடியாது" என்று ஒரு வார்த்தை பதில் எழுதிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனாள்.